உழைக்கச் செல்லும் மாணவனுக்கு நாம் யாது கற்பித்தோம்?

கல்லூரி விழா மலர்களில் இடம்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் அக் கல்லூரியிலிருந்து சென்று உயர்ந்தோரைப் பற்றியனவாக அமைதல் இயல்பு. வைத்தியராயும் பொறியியலாளராயும் நியாயவாதிகளாயும் நிருவாக சேவையாளராயும் விளங்கும் பழைய மாணவரின் படங்கள் முன்பக்கங்களை அணிசெய்யும். அது தகுதியே. ஆயினும் கல்லூரி வாயிலால் வெளிச்செல்வோர் அனைவரும் பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்வதில்லை. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையின் இறுதி வினாத்தாளுக்கு விடையெழுதிக் கொடுத்துவிட்டு, மறுவாரமே வெல்டிங் பட்டறைக்கும் கராஜுக்கும் செல்பவரும், மேசனோடு சாரம் ஏறுபவரும், வெண்காயத் தோட்டத்திலே மருந்தடிப்பவரும் எம் மாணவரே. அவர்களின் படம் எந்த மலரிலும் வருவதில்லை. அவர்களுக்கு நாம் கற்பித்தனவும் கற்பியாது விட்டனவும் பற்றி இம் மலரிலே சில பக்கம் எழுத விழைகின்றோம்.

சிறுவர் தொழில் என்பது தமிழ்ப் பாடத்துக்குப் புதியதன்று. அது ஆண்டுதோறும் கட்டுரைத் தலைப்பாக வருகின்றது. 2002ஆம் ஆண்டு முதலாக யூன் மாதம் 12ஆந் திகதி சிறுவர் தொழிலுக்கு எதிரான உலக தினமாகக் கொள்ளப்படுவதால், அவ்வேளை பேச்சுப் போட்டியும் சித்திரப் போட்டியும் நடைபெறுதலுமுண்டு. மாணவர் எழுதும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி அவை எமக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. முகவுரையிலே பிள்ளைகள் மலர்களாவர். நடுவிலே அம் மலர்கள் கசக்கப்படும். முடிவுரையிலே அரசாங்கம் உடனடி நடவடிக்கை எடுக்கும்படி வேண்டப்படும். மொழி பிழையற்றது, புள்ளியும் குறைவதில்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை, எந்த வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எந்த உறுப்புக்கு யாது தீங்கு என்னும் செய்தி ஒன்றேனும் அக் கட்டுரையில் இராது. அதனை எழுதிய மாணவன் வீடு சென்றதும் அவன் குடித்த தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பது அவனினும் இளைய ஒரு பிள்ளையாக இருந்தாலும், கட்டுரைக்கும் அக் கோப்பைக்கும் தொடர்புண்டு என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. தோன்றுமாறு நாம் கற்பிக்கவில்லை.

இதனைப் படிக்கும்போது எம்மவர் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவோம். எனினும் கூறாது விடுதல் நேர்மையாகாது. வடபுலத்து வசதிபடைத்த இல்லங்களிலே மலையகத் தோட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் வீட்டுவேலைக்கு நின்ற காலம் நெடியது. அப் பிள்ளையின் கூலி மாத முடிவில் லயத்திலிருந்த பெற்றோருக்குச் சென்றது. சில வீடுகளில் அது தீபாவளிக்கு ஒரு சட்டையோடு முடிந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபின், வீட்டுப் பிள்ளை கட்டணமின்றிக் கல்லூரிக்குச் சென்றது. அதன் புத்தகங்களை எடுத்துக் கொடுத்த பிள்ளை படலையடியில் நின்றது. "நாங்கள் வீட்டுப் பிள்ளைபோலத்தான் வைத்திருக்கிறம்" என்பது அன்று பரவலாகக் கேட்ட வாசகம். இன்றும் கொழும்பிலும் பிறவிடங்களிலும் இடைக்கிடை காதில் விழுகின்றது. இலக்கணம் கற்பிக்கும் தொழிலினராகிய எமக்கு இவ்வாசகத்தில் ஓர் ஐயமுண்டு. 'போல' என்பது உவமவுருபு. உவமையும் பொருளும் ஒன்றேயாயின் அங்கே உருபுக்கு வேலையில்லை. சொந்தப் பிள்ளையை எவரும் வீட்டுப் பிள்ளைபோல வைத்திருப்பதாகக் கூறுவதில்லை.

இவ்வழக்கம் முன்னையிலும் இப்போது பெரிதும் அருகிவிட்டது. அற்றுவிட்டது எனக் கூற இயலாது. 2021 யூலையில் நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, தான் பணிக்கு நின்ற கொழும்பு இல்லத்திலே தீக்காயமுற்று வைத்தியசாலையில் உயிர்நீத்தாள். அச் செய்தி நாட்டையே சில வாரங்கள் உலுக்கியது. எம் மாணவர் கைத்தொலைபேசியிலே அவளுடைய படத்தைப் பகிர்ந்தனர். கண்ணீர்க் கவிதைகளும் எழுதினர். வேலைக்குச் செல்லத்தக்க வயது எது, வீட்டுப்பணி செய்யும் பிள்ளையை யார் சென்று பார்ப்பது, முறையீட்டை எங்கே செய்வது என நாம் வகுப்பிலே வினவியபோது விடை கூறியவர் ஒருவருமில்லை. இரக்கம் நிரம்ப இருந்தது, அறிவு இருக்கவில்லை. இரக்கத்தைக் கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்ப் பாடம் ஏற்றுக்கொண்டது போல, அறிவைக் கற்பிக்கும் பொறுப்பை எந்தப் பாடமும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே எமது குறை.

1956 என்றவுடன் எம்மவர் நினைவில் எழுவது வேறொரு சட்டம். அதனை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டில் 47ஆம் இலக்கச் சட்டமாக, பெண்களையும் இளைஞரையும் பிள்ளைகளையும் வேலைக்கமர்த்துதல் பற்றிய சட்டம் நிறைவேறியது என்பதைப் படித்தவரிலும் பலர் அறியார். அச் சட்டம் 14 வயதை எல்லையாக வகுத்தது. பின்னர் 2016இலே கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டபோது, வேலைக்கான வயது பழைய இடத்திலேயே நின்றது. ஒரு சட்டம் பிள்ளையைப் பதினாறு வரை பள்ளிக்கூடத்துக்கு அழைக்க, மற்றொரு சட்டம் பதினான்கிலேயே வேலைக்கு விடைகொடுத்த இவ் விநோதம் ஐந்தாண்டு நீடித்தது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே வேலைக்கான வயதையும் 16 ஆக்கிற்று. இன்று பெற்றோர் பலர் இவ்வளவையாவது கேள்விப்பட்டிருக்கின்றனர். "பதினாறு முடிஞ்சுது, இனி எங்கையும் விடலாம்" என்கின்றனர். ஈண்டுதான் பிழை நேர்கின்றது. 2010ஆம் ஆண்டு ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 51 வகைத் தொழில்களை ஆபத்தானவை எனக் குறித்து, 18 வயதுக்குட்பட்ட எவரையும் அவற்றில் அமர்த்துதலைத் தடைசெய்தன. பதினாறிலே வாயில் திறக்கின்றது. உள்ளேயுள்ள சில அறைகள் பதினெட்டு வரை பூட்டியே கிடத்தல் வேண்டும். எம் மாணவர் நேரே சென்று நுழைவதோ அப் பூட்டிய அறைகளில்.

உலக அளவிலும் இவ்விரு எல்லைகளும் உண்டு. சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 138ஆம் இலக்கச் சமவாயம் குறைந்த வயதை வகுப்பது, 1973இல் எழுந்தது. 182ஆம் இலக்கச் சமவாயம் 1999இல் எழுந்து, மிகக் கொடிய சிறுவர் தொழில் வகைகளை உடனே ஒழிக்கும்படி பணிப்பது. முன்னதை இலங்கை 2000இலும் பின்னதை 2001இலும் ஏற்றது. பின்னதனை 2020 ஓகத்தில் அத் தாபனத்தின் உறுப்பு நாடுகள் யாவும் ஏற்று முடித்தன. இத்தகைய பேறு வேறெந்தத் தொழிற் சமவாயத்துக்கும் அதன்முன் வாய்த்ததில்லை. அச் சமவாயம் கூறும் கொடிய வகைகளுள் பிள்ளைகளைப் போருக்கு வலிந்து சேர்த்தலும் ஒன்று. அதனை எமது மண்ணில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, எண்கள் கூறுவதைச் சற்று நோக்குவோம். 2016இல் எடுக்கப்பட்ட சிறுவர் செயற்பாட்டு அளவீட்டின்படி இலங்கையில் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஏறத்தாழ 45 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவருள் சிறுவர் தொழிலில் ஈடுபட்டோராகக் கணிக்கப்பட்டவர் 43,714 பேர், நூற்றுக்கு ஒருவர். எமது அயல் நாடுகளோடு ஒப்பிடுமிடத்து இது சிறு தொகையே. இலவசக் கல்வியின் பயன் இதனுள் இருக்கின்றது என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த எண்ணைப் பார்த்தல் வேண்டும். அந்த 43,714 பேரில் 39,007 பேர் ஆபத்தான தொழிலில் இருந்தனர். பத்துக்கு ஒன்பதுக்கு அண்மியது இது. சர்வதேச தொழிலாளர் தாபனமும் யுனிசெப் நிறுவனமும் 2024ஆம் ஆண்டுக்குக் கணித்த உலகத் தொகை 13 கோடி 80 இலட்சம். அதில் ஆபத்தான தொழிலில் உள்ளோர் 5 கோடி 40 இலட்சம். அங்கே அரைப்பங்கிலும் குறைவு. ஆகவே எமது நாட்டிலே சிறுவர் தொழில் என்னும் வினா பெரும்பாலும் ஆபத்து என்னும் வினாவே. அதனை அனுதாபக் கட்டுரையால் மாத்திரம் கற்பித்து முடித்தல் இயலாது.

வேலை யாவும் தீது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் முற்படவில்லை. குறிஞ்சிப் பாடல்களைக் கற்பிக்கும்போது தலைவி தினைப்புனங் காத்தலை விளக்குதல் வேண்டும். தட்டையும் குளிரும் தழலுங் கொண்டு அவள் கிளி ஓட்டுகின்றாள். ஒருமுறை பத்தாந் தரத்து மாணவனொருவன் எழுந்து, "சேர், அப்ப தலைவியும் சிறுவர் தொழிலாளியோ?" என வினவினான். வகுப்பு சிரித்தது. நாம் அவ் வினாவைச் சிரிப்போடு போகவிடவில்லை. இரு பாடவேளை அதற்கே சென்றது. காக்கும் புனம் யாருடையது? ஆண்டு முழுவதுமா, கதிர் முற்றும் வேளையில் மாத்திரமா? உடன் தோழியர் உண்டா? விரும்பியபோது அருவியாடவும் பூக்கொய்யவும் அவளால் முடிகின்றதா? விளைந்த தினையில் அவளுக்குப் பங்குண்டா? இவ்வாறு மாணவர் தாமே வினாக்களை அடுக்கினர். பின்னர் அவ் வினாக்களையே தேநீர்க்கடையில் நிற்கும் பிள்ளைக்கும், தந்தையின் தோட்டத்தில் இறைப்புக்குத் தண்ணீர் மாறும் பிள்ளைக்கும் கேட்டனர். தண்ணீர் மாறுபவன் வகுப்பிலேயே இருந்தான். தான் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் நிற்பதாகவும், அது தனக்கு விருப்பமே எனவும் கூறினான். அவ் வேலையை எவரும் குறை கூறவில்லை, நாமும் கூறோம். தொழில் அறியாத பிள்ளையை வளர்த்தல் யாழ்ப்பாணத்து மண்ணுக்கு ஒவ்வாதது. ஆனால் அவன் தொடர்ந்து, "மருந்தும் நான்தான் அடிக்கிறனான்" என்றான். அங்கேதான் உதவி முடிந்து ஆபத்து தொடங்குகின்றது. மருந்துக்குத் தந்தை மகன் என்னும் உறவு தெரியாது.

வளரும் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கிச் செய்த ஒன்றன்று. உடல் நிறைக்கு ஒப்பிடுமிடத்துப் பிள்ளை உள்ளெடுக்கும் காற்று கூடுதல். ஆகவே காற்றிலுள்ள நஞ்சும் கூடுதல். என்பு முற்றவில்லை, நரம்பு மண்டலம் இன்னும் அமைந்துகொண்டிருக்கின்றது. தெளிகருவியை முதுகிலே சுமந்து, சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு காற்றுக்கெதிரே நடந்து மருந்தடிக்கும் பையனின் தோல் வழியே நஞ்சு இறங்குகின்றது. மூச்சு வழியே மாத்திரமன்று. முகத்துக்குத் துணி கட்டிவிட்டோம் என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். நனைந்த துணி நஞ்சைத் தடுப்பதினும் மூக்கடியிலே பிடித்து வைத்திருத்தலே மிகுதி. காற்றின் திசையறிந்து நடத்தலும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிதலும், வேலை முடிந்ததும் உடுப்பை வேறாகத் தோய்த்தலும், வெற்றுப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவராதிருத்தலும் பெரியவருக்கே உரிய விதிகள். பதினெட்டுக்குட்பட்டவனுக்கு விதி ஒன்றே: தெளிகருவியைத் தொடாதே. புகையிலைத் தோட்டத்திலும் இத்தகையதொன்று உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையைக் கட்டியணைத்துச் சுமக்கும்போது இலையிலுள்ள நிக்கொட்டின் தோலினூடே உட்செல்லும். தலைசுற்றும், ஓங்காளிக்கும். வெயில் பட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுநாளும் அனுப்புகின்றோம்.

கிணறு கலக்கி இறைத்தலை எடுத்துக்கொள்வோம். நீர் மிக ஆழத்திற் சென்றதும், எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி வைத்து இயக்குவோர் உளர். அது கக்கும் கார்பனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளிறங்கியவன் சோர்ந்து விழுவான். அவனைத் தூக்கவென்று இரண்டாமவன் கயிறுமின்றிக் குதிப்பான், அவனும் விழுவான். மீட்கச் சென்றவரே மடிதல் இவ் விபத்தின் இயல்பு. இதனை இரசாயன பாடத்திலே சமன்பாடாக எழுதிக் காட்டிப் புள்ளி பெறும் மாணவன், தன் வளவிலுள்ள கிணற்றின் வாயில் நின்று அச் சமன்பாட்டை நினைப்பதில்லை.

வெல்டிங் பட்டறையிலே கறுப்புக் கண்ணாடி ஒன்றே இருக்கும். அது ஒட்டுபவரின் கையில். இரும்பைப் பிடித்துக் கொடுக்கும் பையனுக்குக் கிடைப்பது 'மற்றப் பக்கம் பார்' என்னும் உபதேசம். பகலில் ஒன்றும் தெரியாது. இரவிலே கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல உறுத்தும், நீர் வடியும், விளக்கைப் பார்க்க ஏலாது. ஓரிரு நாளில் மாறிவிடுவதால் இதனை நோயென்றே எவரும் கொள்வதில்லை. ஆனால் அது மீள மீள வருதல் கண்ணுக்கு நன்றன்று. இரும்பு வெட்டும் கருவியின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தல் மற்றொரு வழக்கம், வசதியாம். கட்டட வேலையிலோ நீண்ட கம்பியை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி செல்கின்றதா என அண்ணாந்து பாராமையால் நேரும் சாவுகள் பத்திரிகையில் நான்கு வரியில் வந்து மறைவன. கடற்கரை ஊர்களில் கடலட்டை குளிக்கச் செல்லும் இளைஞர் உளர். ஆழத்தில் அமுக்கத்தால் குருதியிற் கரைந்த நைதரசன், விரைந்து மேலெழும்போது சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி எழுவதுபோலக் குமிழியாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் அடைக்கும். கால் வழங்காது போதலும் உண்டு. வன்னியிலே 2009க்குப் பின் பழைய இரும்பு பொறுக்கப் போன பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றை யாவரும் அறிவர். அவ்வச்சம் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

இவற்றையெல்லாம் தொழிற்பயிற்சி நிலையங்கள் கற்பிக்குமே, கல்லூரிக்கு ஏன் இச் சுமை எனச் சக ஆசிரியர் சிலர் கேட்டனர். பயிற்சி நிலையத்துக்குச் செல்பவனுக்கு அவை கற்பிக்கும், உண்மை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், ஆபத்தான பொறியில் இளையவனை நிறுத்துமுன் அதன் ஆபத்தை அவனுக்கு உணர்த்திப் பயிற்றவேண்டும் அல்லது அருகிருந்து மேற்பார்வை செய்யவேண்டும் என விதிக்கின்றது. ஆனால் தெருவோரத்துப் பட்டறைக்கு மாமாவின் சிபாரிசோடு செல்பவனுக்குக் கற்பிப்பவர் யார்? அவன் கடைசியாக இருந்த வகுப்பறை எம்முடையது.

இளந் தொழிலாளர், 25 வயதைக் கடந்தோரிலும் 40 வீதம் வரை கூடுதலாக உயிர்க்கு ஆபத்தில்லாக் காயங்களுக்கு உள்ளாகின்றனர் என்பது சர்வதேச தொழிலாளர் தாபனம் 2018இல் வெளியிட்ட கணிப்பு. அனுபவமின்மை ஒரு காரணம். எமது பிள்ளைகளைப் பொறுத்தவரை வேறொரு காரணமும் உண்டென நாம் எண்ணுகின்றோம். கேட்கத் தெரியாமை, மறுக்கத் தெரியாமை. மூத்தோர் சொல்லைக் கேட்டு நடக்குமாறு முதலாந் தரத்திலிருந்து கற்பிக்கின்றோம். மூத்தோர் பிழையானதைச் செய்யச் சொல்லும்போது மரியாதை குன்றாது எவ்வாறு மறுப்பது என்பதற்கு ஒரு வாக்கியமேனும் கற்பித்ததில்லை. இது தமிழாசிரியரின் வேலையன்றி வேறு யாருடையது? ஆகவே கடந்த சில ஆண்டுகளாகப் பதினோராந் தரத்தில் உரையாடல் எழுதும் பயிற்சியை இதற்குப் பயன்படுத்தி வருகின்றோம். செந்தமிழில் எழுதவேண்டாம், பட்டறையிற் பேசும் தமிழிலேயே எழுதுக என்போம். "அண்ணை, சாரம் ஆடுது. இறுக்கிக் கட்டினாப் பிறகு ஏறுறன்." "முதலாளி, கண்ணாடி ஒண்டு தாங்கோ, இல்லாட்டி என்னால பிடிக்கேலாது." "ஐயா, இந்த மெசின் எனக்குப் பழக்கமில்லை, ஒருக்காச் செய்து காட்டுங்கோ." எழுதி முடித்தபின் இருவர் இருவராக நின்று பேசிக் காட்டவேண்டும். ஒருவன் முதலாளி; மற்றவன் பையன். முதலாளியாக நிற்பவன் வெருட்டுவான். பையனாக நிற்பவன் முதலில் சிரிப்பான், பின் தடுமாறுவான், மூன்றாம் முறை தெளிவாகச் சொல்வான். அம் மூன்றாம் முறைக்காகவே அப் பாடவேளை.

கடிதம் எழுதுதலும் அவ்வாறே. நண்பனுக்குச் சுற்றுலா பற்றி எழுதும் கடிதம் எத்தனை முறை எழுதினாலும் வாழ்க்கையில் ஒருமுறையேனும் தபாலிற் சேர்வதில்லை. அதற்குப் பதிலாக, வேலையிற் சேர்ந்த திகதியையும் சம்பளத்தையும் குறிப்பிட்டு நியமனக் கடிதம் வேண்டும் விண்ணப்பமொன்றை எழுதுவிக்கலாம். விபத்து நேர்ந்ததைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடிதத்தை எழுதுவிக்கலாம். அவ்வேளை சில செய்திகள் தாமாகவே புகுந்துவிடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையில் காயமுற்றவனுக்கு நட்டஈடு உண்டு. வேலை உடன்படிக்கை எழுத்தில் இல்லாது வாய்ச்சொல்லாக இருந்தாலும் அவ்வுரிமை அற்றுப்போவதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். "பழகிற பெடியன்தானே" என்பது இவற்றைக் கொடாமைக்குச் சட்டம் ஏற்கும் காரணமன்று. பிள்ளையொன்று துன்புறுவதை அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் ஒரு தவணை முழுவதும் அழியாது விட்டோம். அழைத்தவர் உண்டோ என நாம் கேட்கவில்லை, கேட்கத்தக்கதுமன்று.

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்திலே 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பஞ்சாலைகளிற் சேர்த்தலைத் தடுத்தது. ஆனால் வயதை நிறுவ அக்காலத்தில் பிறப்புப் பதிவு இருக்கவில்லை. வைத்தியர் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்துச் சான்று வழங்கினர். வளர்ந்த பிள்ளை போலத் தோன்றினால் உள்ளே செல்லலாம். 1837இல் ஒரு பல் வைத்தியர், பற்களை எண்ணி வயதறிதலே நன்று என ஆராய்ந்து நூல் எழுதினார். வரலாற்றுப் பாடத்திலே இதனைக் கேட்டு மாணவர் நகைப்பர். அவர்களுக்கு நாம் உடனே மற்றொரு செய்தியைக் கூறுவோம். 2005இல் மூதூரிலிருந்து 17 வயதுப் பெண்ணொருத்தி வீட்டுப்பணிக்காகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். கடவுச்சீட்டில் அவள் வயது 23. சென்ற சில நாள்களில் அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது, கொலையென வழக்காயிற்று, 2013 சனவரியில் அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. சம்பவத்தின்போது அவள் பதினெட்டு அடையாத பிள்ளை என உலகெங்குமிருந்து முறையிட்டனர். பொய்யாக எழுதிய அந்த ஆறு ஆண்டுகள் அவளுக்கு வேலையைப் பெற்றுக்கொடுத்தன. அவளைப் பிள்ளையெனக் காக்கக்கூடிய சான்றை மறைத்தன. இதனைக் கேட்டபின் வகுப்பில் எவரும் நகைப்பதில்லை. மறுநாள் தத்தம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் படியைக் கொண்டுவரச் சொல்வோம். அதில் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையே முதன்முறையாக அன்று காண்பவர் சிலர்.

வறுமையை என்செய்வது என்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் வகுப்பிலே சில ஆசனங்கள் வெறுமையாயின. சில பிள்ளைகள் வந்தும் மேசையில் தலைசாய்த்து உறங்கினர். முதல்நாளிரவு எங்கே நின்றாய் எனக் கேட்டால் 'சந்தையில்', 'வாடியில்', 'கடையில்' என்பர். அவர்களுக்குச் சட்டம் சொல்லி வெட்கப்படச் செய்தலினும் பெரிய பிழை வேறில்லை. சட்டம் முதலாளிக்கு உரியது, தண்டனையும் அவர்க்கே, பிள்ளைக்கன்று. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது அவன் உடலைக் காக்கும் வழியும், கூலியைக் கேட்கும் வழியும், பள்ளிக்குத் திரும்பும் வழியுமே. இவ்வேறுபாட்டை ஆசிரியர் அறியாவிடின் இப் பாடத்தைத் தொடாதிருத்தல் நன்று. பெறுபேற்று அட்டவணை உயரவேண்டும், பாடத்திட்டம் முடிக்கவேண்டும் என்னும் நெருக்குதலை நாமும் நாள்தோறும் சுமக்கின்றோம். எனினும் ஒரு தவணையில் நான்கு பாடவேளையை இதற்கு ஒதுக்கியதால் எம் வகுப்பின் தமிழ்ப் பெறுபேறு குறையவில்லை. கட்டுரைகள் சற்றே நீளம் குறைந்தன. மலர்கள் கசக்கப்படுதலும் குறைந்தது.

பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு, அது பணமன்று. உங்களுள் வன்பொருட் கடையும் பட்டறையும் கட்டட ஒப்பந்தமும் நடத்துவோர் பலர். இக் கல்லூரிப் பெடியன் என்று அன்போடு எம் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பவரும் நீங்களே. எடுக்கும்போது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியை இரண்டாக வாங்குங்கள். மின்சார சபையிலும் வைத்தியசாலை விபத்துப் பிரிவிலும் தொழில் திணைக்களத்திலும் கடமையாற்றுவோர் சாதாரண தர மாணவருக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கித் தருதல் கூடும். முன்னோடிப் பரீட்சை முடிந்த வாரத்திலே மூன்று பிற்பகல்கள் மண்டபம் வெறுமையாக இருக்கும் என அதிபர் அவர்கள் கூறியுள்ளார். விரிவுரையாளரைக் காட்டிலும், பொறியிலே விரல் இழந்த பழைய மாணவர் ஒருவர் வந்து கையை உயர்த்திக் காட்டி, அன்று எது பிழைத்தது என்று கூறுவாராயின் அதுவே எமக்கு வேண்டுவது. அத்தகையோர் இம் மலரைப் படிப்பவருள் இருக்கின்றனர் என்பதை அறிவோம். சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் நாளும் நேரமும் நாம் அறிவிப்போம்.